விசாரித்தவரும் வாங்கியவரும்: திருகோணமலைச் சிறு வணிகர்கள் தொடர்பு மேலாண்மை மென்பொருள் பற்றிக் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் விடுதி, படகுச் சவாரி, சோலார், கட்டடப் பொருள் கடை, காப்புறுதி, தனியார் வகுப்பு என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் வாடிக்கையாளர் விபரம் பெரும்பாலும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது: முதலாளியின் கைபேசி, மேசையில் கிடக்கும் கொப்பி, ஊழியரின் வாட்ஸ்அப். இவற்றை மென்பொருள் ஒன்றில் கொண்டுவந்து சேர்க்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தொழில் சார்ந்த உதாரணங்கள் எல்லாம் நம் மாவட்டத்து நிலைமையை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

லீட் யார், வாடிக்கையாளர் யார்? விலை மட்டும் கேட்டவரை எதில் சேர்ப்பது?

நம்மிடம் வாங்கக்கூடும் என்று தெரிகிறவர், ஆனால் இன்னும் பணம் தராதவர் லீட். பணம் தந்தவர் வாடிக்கையாளர். முற்பணம் கைக்கு வந்த நேரத்தை எல்லைக்கோடாக வையுங்கள். "கட்டாயம் வருகிறோம்" என்று வாயால் சொன்னவரை வாடிக்கையாளர் பட்டியலுக்கு மாற்றினால், மாத முடிவில் எத்தனை பேர் உண்மையாக வாங்கினார்கள் என்பதை உங்களாலேயே சொல்ல முடியாது.

இந்தப் பிரிவு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம், ஆனால் கடன் வேறு. விசாரித்தவருக்கு ஒரு பதில் கடன். வாங்கியவருக்குக் கொடுத்த வாக்குக் கடன். நிலாவெளியில் அறை இருக்கிறதா என்று கேட்டவருக்கு இன்றைக்கே பதில் போக வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் அவர் வேறிடம் பிடித்துவிடுவார். போன வருடம் சோலார் பூட்டிக்கொண்டவருக்கு இன்று ஒன்றும் தேவையில்லை. ஆனால் ஆறு மாதத்தில் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாள் ஒன்று இருக்கிறது. மென்பொருளின் வேலை இந்த இரண்டு கடன்களையும் நாள் தவறாமல் நினைவூட்டுவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்கு நீங்களே விடை கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பொருள் விற்க வருபவர், வேலை கேட்டு வருபவர், நன்கொடை கேட்டு வருபவர் ஆகியோர் லீட் அல்லர். அவர்களுக்கு 'ஏனையோர்' என்று ஒரு வகை போதும்.

இரண்டையும் தனித்தனி எக்செல் கோப்புகளில் வைத்திருக்கிறேன். அது பிழையா?

தொடங்கும்போது சரியாகத்தான் தெரியும். சிக்கல், லீட்டாக இருந்தவர் வாடிக்கையாளராக மாறும் நாளில் தொடங்குகிறது. பெயரை ஒரு கோப்பிலிருந்து வெட்டி மற்றதில் ஒட்டுகிறீர்கள். அவர் முதலில் என்ன கேட்டார், எந்த விலை சொன்னோம், யார் அனுப்பி வந்தார் என்ற குறிப்புகள் பழைய கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. அதே ஆள் அடுத்த வருடம் வேறொன்றை விசாரிக்கும்போது மறுபடியும் லீட் கோப்பில் ஏறுகிறார். ஒரே மனிதரை இரண்டு ஊழியர்கள் இரண்டு விதமாக அழைக்கும் நிலை அப்படித்தான் வருகிறது.

மென்பொருள்கள் இதை இரண்டு வழிகளில் தீர்க்கின்றன. சோஹோ சிஆர்எம் (சிஆர்எம் என்பது வாடிக்கையாளர் தொடர்பு மேலாண்மை மென்பொருளின் ஆங்கிலச் சுருக்கம்) போன்றவற்றில் லீட்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அவர் வாங்கத் தயாரானதும் 'மாற்று' என்ற பொத்தானை அழுத்தினால் தொடர்பு, அவருடைய நிறுவனம், விற்பனை வாய்ப்பு என்று மூன்று பதிவுகளாக அது பிரியும். பழைய குறிப்புகளும் கூடவே போகும். மாற்றிய பிறகு அந்தப் பெயர் லீட் பட்டியலில் தெரியாது. 'பெயர் காணாமல் போய்விட்டது' என்று பதறுகிறவர்கள் தொடர்புகள் பகுதியில் தேடினால் கிடைக்கும். ஹப்ஸ்பாட் என்ற மென்பொருளின் வழி வேறு. அங்கே ஆளுக்கு ஒரு பதிவுதான்; லீட், வாடிக்கையாளர் என்பது அந்தப் பதிவில் மாறிக்கொண்டிருக்கும் ஒரு நிலை மட்டும்.

பெரும்பாலும் தனி மனிதர்களுக்கு விற்கும் விடுதிக்காரருக்கும் படகுக்காரருக்கும் இரண்டாவது வழி இலகு. பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், ஒப்பந்தக்காரர் என்று நிறுவனங்களுக்கு விற்பவருக்கு முதலாவது வழி பொருந்தும். ஏனென்றால் அங்கே விசாரிப்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் இன்னொருவர், காசோலை தருபவர் மூன்றாமவர்.

எங்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதாதா?

ஒருவரே நடத்தும் தொழிலுக்கு நெடுநாள் போதும். அதில் உள்ள லேபிள் வசதியைப் பலர் தொடுவதே இல்லை. புதிய வாடிக்கையாளர், பணம் நிலுவை, பணம் செலுத்தப்பட்டது என்று சில லேபிள்கள் முன்கூட்டியே இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்று மாலையே அதைத் தொடங்குங்கள்.

அது போதாமல் போகும் இடங்கள் மூன்று. லேபிள் நிலையைச் சொல்லும், நாளைச் சொல்லாது. வருகிற 14 ஆம் திகதி இவரை அழைக்க வேண்டும் என்பதை அது நினைவூட்டுவதில்லை. தொலைபேசியில் பேசியதும் கடையில் நேரில் பேசியதும் அதில் ஏறுவதில்லை. மூன்றாவது, ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரும். நேற்று விசாரித்த லீட் உங்கள் இலக்கத்தைச் சேமித்திருக்க மாட்டார். ஆகவே எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், போக வேண்டியவருக்குப் போயிருக்காது.

எந்த மென்பொருளை வாங்குவது?

இலவசத் திட்டம் உள்ள ஒன்றில் தொடங்குங்கள். ஹப்ஸ்பாட்டிலும் சோஹோவிலும் அது உண்டு. சோஹோ தமிழ்நாட்டில் வேரூன்றிய நிறுவனம். சிறு தொழில்களுக்கென்று பிகின் என்ற எளிய மென்பொருளையும் 2020 இல் வெளியிட்டது. இரண்டு ஆட்கள் உள்ள கடைக்கு முழு சிஆர்எம் பாரம். பிகின் அளவே சரி.

தெரிவு செய்யும் முன் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஏற்றிய பெயர்கள் எல்லாவற்றையும் குறிப்புகளோடு ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பதிவு செய்தவுடன் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள். அமெரிக்க நேரத்தில் விட்டுவிட்டால் காலை 9 மணிக்கு வைத்த நினைவூட்டல் இரவில் வரும். நாணயத்தையும் முதல் விற்பனையைப் பதியும் முன்பே இலங்கை ரூபாயாக வைத்துவிடுங்கள்.

கொப்பியிலும் கைபேசியிலும் எக்செல்லிலும் உள்ள பெயர்களை எப்படி ஏற்றுவது?

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். மென்பொருளை வெறுத்துவிடுகிறவர்களில் பெரும்பாலானோர் வெறுப்பது இந்தக் கட்டத்தில்தான், அதற்குக் காரணம் அநேகமாக மென்பொருள் அல்ல, அதற்குள் போட்ட கோப்பு.

முதலில் பாமினி. இலங்கையில் பல வருடங்களாகத் தமிழ்த் தட்டச்சு பாமினி எழுத்துருவில்தான் நடந்தது, இன்றும் பல அலுவலகங்களில் நடக்கிறது. பாமினியில் அடித்த பெயர் உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். மென்பொருளில் ஏற்றியதும் அந்த ஆங்கில எழுத்துக் குவியல் மட்டும் தெரியும். தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது. ஏற்றும் முன், எல்லாக் கணினியும் கைபேசியும் தமிழாகவே வாசிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இதற்கு இலவச மாற்றிகள் உள்ளன. ஆனால் ஆங்கிலத்திலேயே அடித்த மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்து மாற்றிவிட்டால் அவை அழிந்துபோகும் என்பதால், தமிழ் நிரல்களை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும்.

அடுத்தது எக்செல். 077 என்று தொடங்கும் இலக்கத்தை அது எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள 0 ஐத் தின்றுவிடும். அந்த நிரலை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று குறித்து வைத்துவிட்டுத்தான் இலக்கங்களை இட வேண்டும். எல்லா இலக்கங்களையும் ஒரே வடிவில் எழுதுங்கள்: நாட்டுக் குறியீடு 94, அதன்பின் 0 இல்லாத ஒன்பது இலக்கங்கள். பதிவிலிருந்தே வாட்ஸ்அப்பைத் திறக்கும் வசதிக்கு இந்த வடிவம்தான் தேவை. 026 இல் தொடங்கும் நிலையான தொலைபேசிக்கு வேறொரு பெட்டி கொடுங்கள். அதற்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப முயன்று நேரம் போக்க வேண்டாம்.

திகதியும் ஏமாற்றும். நாம் 03/04/2025 என்று எழுதினால் அது ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த மென்பொருள் அதை மார்ச் 4 என்று வாசிக்கும், பிழை என்று சொல்லவும் மாட்டாது. வருடத்தை முன்வைத்து 2025-04-03 என்று எழுதினால் குழப்பம் இல்லை. கடைசியாகக் கோப்பைச் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை) என்று இல்லாமல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

முதல் தடவையில் பத்துப் பெயர்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அந்தப் பத்தும் சரியாக வந்தால் மீதியை ஏற்றலாம். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பிழை கண்டுபிடிப்பது ஒரு வார வேலையாகிவிடும்.

கைபேசியில் 'நிலாவெளி போட் அண்ணன்', 'சோலார் கிண்ணியா 2' என்றுதான் பெயர்கள் இருக்கின்றன. அப்படியே ஏற்றலாமா?

ஏற்றலாம், ஆனால் அந்தப் பட்டப்பெயரைப் பெயர்ப் பெட்டியில் போடாமல் 'அறிமுகம்' என்று ஒரு பெட்டி உண்டாக்கி அதில் போடுங்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். ஊழியருக்கு ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். முழுப்பெயர் அடுத்த முறை பேசும்போது கேட்டு நிரப்பப்படலாம்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. நம் பெயர்களை எப்படிப் பிரிப்பது?

தமிழருக்குத் தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். முஸ்லிம் பெயர்களிலும் சிங்களப் பெயர்களிலும் முன்னால் வரும் எழுத்துகள் வேறு வேறு காரணத்தால் வருகின்றன. நம் ஊரில் ஒரே பட்டியலில் மூன்று வகையும் இருக்கும். எனவே எல்லோருக்கும் ஒரே விதி: அவரை எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அது முதற்பெட்டியில், மீதி இரண்டாவது பெட்டியில். சில மென்பொருள்கள் இரண்டாவது பெட்டியை வெறுமையாக விட இடம் தராது. அங்கே முதலெழுத்தைப் போட்டாலே போதும். இப்படிச் செய்யாவிட்டால் தானாகப் போகும் செய்தி "அன்புள்ள கே." என்று தொடங்கும். வயதில் மூத்த ஒருவருக்கு அப்படி ஒரு செய்தி போவது அவமரியாதை.

ஒரே ஆள் மூன்று நான்கு தடவை பட்டியலில் வருகிறார். ஏன்?

இரண்டு காரணங்கள். யோகநாதன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'ஜி' போடுவார், இன்னொருவர் 'எச்' போடுவார். மென்பொருளுக்கு அவர்கள் இரு வேறு மனிதர்கள். மற்றக் காரணம் இன்னும் முக்கியமானது. ஹப்ஸ்பாட் உட்படப் பல மென்பொருள்கள் ஒரே ஆளா என்பதை மின்னஞ்சலை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. மூதூரிலிருந்து சீமெந்து விலை கேட்கும் ஒருவர் மின்னஞ்சல் தரப்போவதில்லை. அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கும் வரை ஒவ்வொரு விசாரிப்பும் ஒரு புதிய ஆளாகவே ஏறிக்கொண்டிருக்கும்.

நம்மிடம் கைபேசி இலக்கமே அடையாளம். மென்பொருளில் இலக்கத்தை 'மறுபடி வரக்கூடாத' பெட்டியாகக் குறிக்க வசதி இருந்தால் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய பதிவு தொடங்கும் முன் இலக்கத்தின் கடைசி ஆறு எண்களைத் தேடிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பெயரைத் தேடுவதை விட இது விரைவு. கைபேசித் தொடர்புகளை ஏற்றும் முன் கூகுள் தொடர்புகளில் உள்ள ஒன்றிணைக்கும் வசதியால் ஒருமுறை துப்புரவு செய்துவிட்டால் பாதி வேலை குறையும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரே கைபேசி என்ற வீடுகளும் உண்டு. அங்கே கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனிப் பதிவு வேண்டாம். ஒரே பதிவில் இருவர் பெயரையும் எழுதுங்கள்.

வீடு உப்புவெளியில், பணம் தருபவர் கனடாவில், வேலையைப் பார்ப்பவர் தங்கை. யார் என் வாடிக்கையாளர்?

திருகோணமலையில் கட்டடம், சோலார், காணி, திருமண மண்டபம் என்று எந்தத் தொழிலிலும் வரும் கேள்வி இது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்கு விடை கிடைப்பதில்லை.

மூவரையும் பதியுங்கள். ஆனால் விற்பனை ஒன்றுதான். அது வீட்டின் பெயரால் இருக்கட்டும். 'உப்புவெளி, அலஸ்தோட்ட வீதி வீடு' என்பது போல இடத்தின் பெயரை நிறுவனப் பெட்டியில் போட்டு, மூன்று பேரையும் அதன் கீழ் இணையுங்கள். ஒவ்வொருவருக்கும் பங்கு என்று ஒரு பெட்டி: முடிவெடுப்பவர், பணம் செலுத்துபவர், இடத்தில் இருப்பவர். சில வீடுகளில் முதலிரண்டும் ஒருவர். சில வீடுகளில் பணம் அனுப்புவது மகன், முடிவு இன்னமும் அம்மாவுடையது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மகனுக்கே விலைக்கு மேல் விலை அனுப்பிக்கொண்டிருந்தால் பதில் வராது. அம்மாவை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வாரமே பதில் வரும்.

வெளிநாட்டு இலக்கங்களை அந்தந்த நாட்டுக் குறியீட்டோடு பதியுங்கள்: கனடாவுக்கு 1, பிரித்தானியாவுக்கு 44, அவுஸ்திரேலியாவுக்கு 61. அழைக்க நல்ல நேரத்தையும் ஒரு பெட்டியில் எழுதி வையுங்கள். கோடையில் டொரன்டோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது, குளிர்காலத்தில் பத்தரை. நமக்கு மாலை 7 மணி என்றால் கோடையில் அங்கே காலை 9.30. இலண்டன் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை. நம் காலை பத்து மணிக்குக் கனடாவுக்கு அழைத்து அவரை நள்ளிரவில் எழுப்பினால் எவ்வளவு நல்ல விலையும் அவர் காதில் ஏறாது.

முக்கியமான ஒன்று: தங்கைக்குச் சொன்ன விலையும் அண்ணனுக்குச் சொன்ன விலையும் ஒரே பதிவில் தெரிய வேண்டும். இரண்டும் வேறாகிவிட்டால் போவது விற்பனை மட்டும் அல்ல, குடும்பத்துக்குள் நம்மால் ஒரு சந்தேகம் நுழைகிறது. அது நடக்கவே கூடாது.

விற்பனைக்கு எத்தனை கட்டங்கள் வைக்க வேண்டும்?

விடுதிக்கு நான்கு போதும்: புதியது, விலை அனுப்பியாயிற்று, முற்பணம் வந்தது, கைவிட்டது. சோலாருக்கும் கட்டட வேலைக்கும் 'இடம் பார்த்தாயிற்று' என்ற கட்டம் இடையில் தேவை. அதற்கு மேல் வேண்டாம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நம் கண்ணால் காணக்கூடிய ஒன்று நடந்திருக்க வேண்டும்: செய்தி போயிருக்க வேண்டும், ஆள் போயிருக்க வேண்டும், பணம் வந்திருக்க வேண்டும்.

ஆர்வம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று லீட்களுக்கு முத்திரை குத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது எழுதுகிறவரின் அன்றைய மனநிலையைத்தான் காட்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பதிவிலும் 'அடுத்த நடவடிக்கை', 'அதன் திகதி', 'பொறுப்பாளர்' என்ற மூன்று பெட்டிகளையும் கட்டாயமாக்குங்கள். திகதி இல்லாத லீட் ஒன்றும் பட்டியலில் இருக்கக்கூடாது. அழைக்க வேண்டிய தேவையே இல்லை என்றால் 'கைவிட்டது' என்று மூடிவிடுங்கள். மூடும்போது காரணத்தையும் எழுதுங்கள். விலையா, நாள் ஒத்துவரவில்லையா, நம் பதில் பிந்தியதா? மூன்று மாதம் இப்படி எழுதி வந்தால் எதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பகுதி, மொழி போன்றவற்றைப் பதிவது அவசியமா?

மிக அவசியம். அவற்றைக் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி வையுங்கள். ஒருவர் திருமலை என்றும் இன்னொருவர் திருகோணமலை என்றும் மூன்றாமவர் டிரிங்கோ என்றும் எழுதினால் எதையும் வடிகட்ட முடியாது.

பகுதிகளைப் பாதை வாரியாக அடுக்குவது என் விருப்பம். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை ஒரு பாதை. தம்பலகாமமும் கந்தளாயும் கண்டி வீதிப் பக்கம். கிண்ணியா, மூதூர், வெருகல் தெற்கே மட்டக்களப்புப் பக்கம். குச்சவெளியில் ஒரு வேலை இருக்கிறது என்றால் போகும் வழியில் நிலாவெளியில் உள்ள பழைய வாடிக்கையாளர் நால்வரையும் பார்த்துவிட்டு வரலாம். எரிபொருள் செலவு மிச்சமாவதை முதல் மாதத்திலேயே காண்பீர்கள்.

மொழிப் பெட்டியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கட்டும். பெயரைப் பார்த்து மொழியை ஊகிக்கக்கூடாது. எந்த மொழியில் பேச விருப்பம் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்பதே ஒரு மரியாதை.

வாங்கி முடித்தவரை மறுபடி எப்போது அழைப்பது?

புது லீட்டைத் தேடி விளம்பரத்துக்குப் பணம் கொட்டுகிறவர்கள், ஏற்கெனவே நம்பிப் பணம் தந்தவரை வருடக்கணக்கில் மறந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். நம் ஊர் பெரிய நகரம் அல்ல. ஒருவர் மனநிறைவோடு இருந்தால் அவருடைய வீதி முழுவதற்கும் தெரியும். மனக்குறையோடு இருந்தாலும் தெரியும்.

எப்போது அழைப்பது என்பதைத் தொழில்தான் தீர்மானிக்கும். காப்புறுதி முகவருக்கு அது புதுப்பிக்கும் நாள். வாகனக் காப்புறுதி வருடத்துக்கு ஒருமுறை முடிகிறது. ஒரு மாதத்துக்கு முன் நினைவூட்டல் வரும்படி வையுங்கள். சோலாருக்கு இன்வெர்ட்டரின் உத்தரவாதம் முடியும் நாள். தனியார் வகுப்புக்கு மாணவரின் தம்பி தங்கை எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்ற விபரம். மூத்தவர் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த வருடம் அந்த வீட்டோடு தொடர்பு முடிந்துவிட வேண்டியதில்லை. இந்த நாட்களைக் குறிப்புக்குள் எழுதி மறைத்துவிடாமல் திகதிப் பெட்டியில் போட வேண்டும். குறிப்புக்குள் கிடக்கும் திகதியை மென்பொருள் பார்க்காது.

வேலை முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒரு அழைப்பு எல்லாத் தொழிலுக்கும் பொது. விற்கும் பேச்சே வேண்டாம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், சொல்வதைப் பதிவில் எழுதுங்கள்.

எங்களுடையது பருவத் தொழில். மழைக்காலத்தில் மென்பொருளுக்கு என்ன வேலை?

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. புறாத்தீவுக்குப் படகு ஓடுவதும் உப்புவெளி அறைகள் நிரம்புவதும் அப்போதுதான். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. பருவத்தில் ஒருவருக்கும் பெட்டி நிரப்ப நேரம் இருக்காது. அப்போது பெயர், இலக்கம், வந்த திகதி, யார் அனுப்பினார் என்ற நான்கையும் மட்டும் பதிந்தாலே போதும்.

மழைக்காலத்தில் மீதியைச் செய்யுங்கள். இரட்டைப் பதிவுகளை இணையுங்கள், வெறுமைப் பெட்டிகளை நிரப்புங்கள். வந்தவர்களை மாதவாரியாக வடிகட்டிப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களில் வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரும் நம் உறவுகள் பலர். அவர்கள் விமானச் சீட்டு எடுக்கும் முன் முடிவு செய்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கான அடுத்த திகதியைப் பெப்ரவரியில் வையுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருபவர்களுக்கு மார்ச் தொடக்கம் போதும். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி அனுப்புவதில் பயன் இல்லை.

வாங்காமல் போன லீட்களை அழித்துவிடலாமா?

'கைவிட்டது' என்று மூடி வைத்தால் போதும். அதே ஆள் மறுபடி வரும்போது, முன்பு என்ன கேட்டார் என்று தெரிந்து பேசலாம். ஆனால் காலம் முழுக்க வைத்திருக்கவும் கூடாது. இரண்டு பருவம் கடந்தும் ஒரு சொல் வராதவரை அழித்துவிடுங்கள். தன் விபரத்தை நீக்கும்படி கேட்பவரை அன்றைக்கே நீக்குங்கள்.

இப்படி மற்றவர்களின் விபரத்தைச் சேர்த்து வைக்கச் சட்டம் இடம் தருகிறதா?

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அதற்கே பயன்படுத்துவது, தேவைக்கு மேல் வாங்காதிருப்பது, பிழையைத் திருத்தித் தருவது ஆகியவை அதன் அடிப்படைகள். ஐரோப்பாவில் இதையொத்த விதிகள் 2018 மே முதல் நடைமுறையில் உள்ளன. அங்கிருந்து வரும் விருந்தினர்கள் இதைப் பற்றிக் கேட்டால் வியப்படையாதீர்கள்.

நடைமுறையில் மூன்றைச் செய்யுங்கள். விளம்பரச் செய்தி அனுப்பலாமா என்று கேட்டு, ஆம், இல்லை என்ற பெட்டியில் பதியுங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களைத் தொடர்புப் பதிவில் ஒட்டி வைக்காதீர்கள். ஒருவரின் நோய், குடும்பச் சிக்கல், கடன், அரசியல் பற்றிக் குறிப்பில் ஒரு வரியும் எழுதாதீர்கள். நம் மாவட்டம் எல்லாச் சமூகங்களும் அருகருகே வாழும் இடம். இனம், மதம் என்று பெட்டி உண்டாக்கி ஆட்களைப் பிரிப்பதை நான் அமைத்துக் கொடுப்பதில்லை. மொழி தெரிந்தால் பேசலாம். அதற்கு மேல் வியாபாரத்துக்குத் தேவையில்லை.

ஊழியர்கள் பதிவு செய்வதே இல்லை. என்ன செய்வது?

பெட்டிகளைக் குறையுங்கள். இருபது பெட்டி உள்ள படிவத்தை வெயிலில் நின்றுகொண்டு கைபேசியில் எவரும் நிரப்ப மாட்டார். அடுத்தது, காலையில் நீங்களே மென்பொருளைத் திறந்து அன்றைய பட்டியலை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். கொப்பியைப் பார்த்து நீங்கள் கேள்வி கேட்டால் அவர்கள் கொப்பியில்தான் எழுதுவார்கள்.

தரகுப் பணம் வாங்கும் ஊழியர்களுக்கு இன்னொரு பயம் உண்டு: தன் ஆட்களைப் பதிந்துவிட்டால் அவர்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று. அது நியாயமான பயம். யார் கொண்டுவந்த லீட் என்ற பெட்டியை வைத்து, அதில் உள்ள பெயருக்கே தரகு என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

ஊழியர் விலகிப் போனால்?

அவருடைய கணக்கை அழிக்கும் முன் அவர் பெயரில் உள்ள பதிவுகள் எல்லாவற்றையும் வேறொருவருக்கு மாற்றுங்கள். பல மென்பொருள்களில் இதற்குத் தனி வசதி உண்டு. பிறகு அந்த வாடிக்கையாளர்களை அழைத்து இனிப் பேசப்போகிறவர் யார் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரோடு பேசும் கைபேசி இலக்கம் தொடக்கத்திலிருந்தே கடையின் பெயரில் இருக்க வேண்டும். ஊழியரின் சொந்த இலக்கத்தில் நடந்த பேச்சைப் பிற்பாடு கேட்டு வாங்க முடியாது. பட்டியல் முழுவதையும் கோப்பாக வெளியே எடுக்கும் அனுமதி முதலாளிக்கு மட்டும் இருக்கட்டும்.

இணையத்தில் உள்ள பட்டியல் ஒரு நாள் காணாமல் போனால்?

ஒவ்வொரு மாதமும் முதல் திகதி முழுப் பட்டியலையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, திகதியைப் பெயராக வைத்து, கடைக்கு வெளியே இருக்கும் ஒரு பென்டிரைவில் போடுங்கள். குறிப்புகள் சில மென்பொருள்களில் தனிக் கோப்பாக வரும். அதையும் எடுக்க மறக்க வேண்டாம். எடுத்த கோப்பைத் திறந்து, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, இலக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழைய மாதக் கோப்பை நீக்குங்கள்.